போலீஸுக்கு வெஸ்ட், பசங்களுக்கு சம்மர் கேம்ப்: ஃபெடரல் கிராண்ட் காசு எங்க ஊர்ல என்ன பண்ணுச்சு

மார்க்கை முதல்லயே சொல்லிடுறேன். பைர்ன் ஜேஏஜி-ன்னு ஒரு ஃபெடரல் கிராண்ட் இருக்கு, அமெரிக்கால லோக்கல் போலீஸுக்கு வாஷிங்டன்ல இருந்து வருஷா வருஷம் வர்ற காசு. அதுல பொருள் வாங்கித் தர்ற பக்கத்துக்கு அஞ்சுக்கு நாலரை, பசங்க புரோகிராம் பக்கத்துக்கு அஞ்சுக்கு ரெண்டு. புரோகிராம் மட்டமா இருந்ததால ரெண்டு போடல, ரொம்ப நல்லா நடந்துச்சு, நல்லா நடந்தத நிறுத்திட்டாங்க, அதுக்குத்தான் ரெண்டு.

நாங்க இருக்கறது நியூ ஜெர்சில ஒரு டவுன்ஷிப். பேர் வேண்டாம், போலீஸ் டிபார்ட்மென்ட்ல இருக்கற ஆளுங்க நல்லவங்க, அவங்கள சங்கடப்படுத்தறதுக்கு இத எழுதல. பெரியவன் மிடில் ஸ்கூல்ல இருந்தப்ப ஊர் போலீஸ் நடத்துன யூத் அகாடமின்னு ஒரு வாரக் கேம்புக்குப் போனான், ஃபீஸ் கிடையாது, டிஷர்ட்டும் மத்தியான சாப்பாடும் அவங்களே குடுத்தாங்க. இந்தக் காசு எங்கருந்து வருதுன்னு ஃபார்ம்ல சின்ன எழுத்துல போட்டிருந்துச்சு, ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட் கிராண்ட்னு. அங்க ஆரம்பிச்சு நோண்டிப் பாத்ததுதான் இந்த ரிவ்யூ.

கிராண்டுக்கு ஏன் இந்தப் பேருன்னு தெரிஞ்சுக்கறது நல்லது. எட்வர்ட் பைர்ன்னு நியூயார்க் போலீஸ்ல ஒரு பையன், 22 வயசு, வேலைக்குச் சேந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்துச்சு. 1988 பிப்ரவரி 26 விடியக்காலைல குயின்ஸ்ல சவுத் ஜமைக்கால ஒரு வீட்டு வாசல்ல போலீஸ் கார்ல தனியா காவலுக்கு உக்காந்திருந்தான். அந்த வீட்டுக்காரர் கயானால இருந்து குடியேறி வந்தவர், தெருவுல போதைப்பொருள் விக்கறாங்கன்னு விடாம போலீஸுக்குப் புகார் குடுத்தவர், அதுக்காகவே அவர் வீட்டு மேல பெட்ரோல் குண்டு வீசியிருந்தாங்க. அவரக் காப்பாத்த உக்காந்திருந்த பையனை கார்லயே வச்சு சுட்டுட்டாங்க. அதே வருஷம் காங்கிரஸ் கொண்டுவந்த போதைப்பொருள் ஒழிப்புச் சட்டத்துல இந்த கிராண்டுக்கு அவன் பேரு வந்துச்சு. வேற ஊர்லருந்து பொழைக்க வந்த ஒருத்தர் வாயத் திறந்து புகார் குடுத்ததுல இருந்து தொடங்குன கதை இது, நம்மள மாதிரி குடியேறி வந்தவங்க இத ஞாபகத்துல வச்சுக்கணும்னு எனக்குத் தோணும்.

இப்ப காசு எப்படி வருதுன்னு பாக்கலாம். 2005 வாக்குல பழைய பைர்ன் கிராண்டையும் லோக்கல் போலீஸுக்குன்னு தனியா இருந்த இன்னொரு கிராண்டையும் சேத்து ஒண்ணா ஜேஏஜி-ன்னு ஆக்கிட்டாங்க. ஒவ்வொரு மாநிலத்துக்கும் எவ்வளவுன்னு ஒரு ஃபார்முலா, பாதி ஜனத்தொகைய வச்சு, பாதி கொலை, கொள்ளை, அடிதடி மாதிரி வன்முறைக் குற்றக் கணக்க வச்சு. வந்ததுல 60 சதவீதம் மாநில அரசுக்குப் போகும், 40 சதவீதம் நேரா சிட்டி, கவுண்ட்டிகளுக்கு. இதுல எங்கள மாதிரி ஊர்கள் அடி வாங்குற இடம் ஒண்ணு இருக்கு, ஃபார்முலாப்படி உங்க ஊருக்கு 10,000 டாலருக்குக் கம்மியா வந்தா நேரா தரமாட்டாங்க, அந்தக் காசு மாநிலத்துக்குப் போயிடும், அங்கருந்து நீங்க கேட்டு வாங்கணும். குற்றம் கம்மியா இருக்கற ஊருக்குக் காசு கம்மின்னு சொல்றது நியாயம்தான், ஆனா சின்ன டிபார்ட்மென்ட்ல கிராண்ட் எழுதறதுக்குன்னே தனியா ஆள் கிடையாது, ராத்திரி ஷிஃப்ட் பாத்துட்டு வர்ற லெஃப்டினன்ட்தான் உக்காந்து சாம் டாட் கவ்ங்கற அரசாங்க சைட்ல ரிஜிஸ்டர் பண்ணி, நம்பர் வாங்கி, கிராண்ட்ஸ் டாட் கவ்ல ஒரு ஃபார்ம் போட்டு, அப்புறம் ஜஸ்ட்கிராண்ட்ஸ்னு இன்னொரு சைட்ல மீதியப் போட்டு, ஜெயிச்சா கால் வருஷத்துக்கு ஒருக்கா கணக்கு குடுத்துன்னு ஓடணும். கிராண்ட் எழுதத் தெரிஞ்ச ஊருக்கு மேல மேல கிடைக்குது, தெரியாத ஊர் பாத்துக்கிட்டே நிக்குது. அரை ஸ்டார் நான் குறைச்சது இதுக்குத்தான்.

இனி பொருள் பக்கம். எங்க ஊர் போலீஸ் ஓப்பன் ஹவுஸ்ல ஒரு மேஜை போட்டு குண்டு துளைக்காத வெஸ்ட் ஒண்ண வச்சிருந்தாங்க, பசங்க தூக்கிப் பாக்கலாம்னு. துணி உறைய ஜிப் திறந்து உள்ள இருக்கற பேனலை ஆபீசர் வெளிய எடுத்துக் காமிச்சாங்க, பாய் மடிச்ச மாதிரி வளையுது, கறுப்பு உறை, அது மேல தைச்ச லேபிள். அந்த லேபிளத்தான் நான் ரொம்ப நேரம் படிச்சேன். எந்தப் பக்கம் உடம்பத் தொடணும், எந்தப் பக்கம் வெளிய இருக்கணும், எந்தத் தேதில செஞ்சது, எந்த லெவல், எந்த ஸ்டாண்டர்ட்ல டெஸ்ட் பண்ணது, எல்லாம் அதுல இருக்கு. கைத்துப்பாக்கிக் குண்டுக்கு லெவல் டூ, த்ரீ ஏ-ன்னு வரும், ரைஃபிளுக்கு இது தாங்காது, அதுக்குத் தனியா கட்டியான பிளேட் வேணும். பொதுவா அஞ்சு வருஷம் வாரண்ட்டி, அதுக்கப்புறம் மாத்தணும். வேர்வையும் சூடும் பட்டுப் பட்டு நார் வீக்காகும்னு அந்த ஆபீசர் சொன்னாங்க, ஆகஸ்ட் மாசம் ரோட்ல டிராஃபிக் பாக்கறப்ப உள்ள பனியன் பிழிஞ்சா தண்ணி வரும்னாங்க.

வெஸ்டுக்குன்னே தனியா ஒரு ஃபெடரல் திட்டம் இருக்கு, 1998ல சட்டம் போட்டது, புல்லட்புரூஃப் வெஸ்ட் பார்ட்னர்ஷிப்னு பேரு, ஊரு பாதி போட்டா அவங்க பாதிவரைக்கும் தருவாங்க. இது வரைக்கும் நாடு முழுக்க 10 லட்சத்துக்கு மேல வெஸ்ட் இதுல வாங்கியிருக்காங்க. ஜேஏஜி காசுலயும் வெஸ்ட் வாங்கலாம், அதுக்கு ஊரு பங்கு போடவே வேண்டாம், ஆனா ஒரு கண்டிஷன், அந்த ஜேஏஜி காசையே வெஸ்ட் பார்ட்னர்ஷிப்புக்கு ஊரோட பாதின்னு காமிக்க முடியாது. ரெண்டு பாக்கெட்டும் ஒரே சட்டையோடதுன்னு அவங்களுக்குத் தெரியும். இன்னொரு கண்டிஷன் எனக்கு ரொம்பப் பிடிச்சது, வெஸ்ட் வாங்குனா யூனிஃபார்ம்ல இருக்கறப்ப கட்டாயம் போடணும்னு டிபார்ட்மென்ட் எழுத்துல விதி வச்சிருக்கணும். வாங்கி லாக்கர்ல தொங்கவிட காசு கிடையாது. அதோட ஒவ்வொருத்தர் உடம்புக்கும் அளவெடுத்து வாங்கணும், பொம்பள ஆபீசருக்கு ஆம்பள சைஸக் குடுத்து அட்ஜஸ்ட் பண்ணிக்கோன்னு சொல்லக் கூடாது. மேஜைகிட்ட நின்ன ஆபீசரும் ஒரு பொண்ணுதான், முதல்ல வேலை பாத்த ஊர்ல குடுத்த வெஸ்ட் உக்காந்தா தாடைல இடிக்கும்னு கை வச்சுக் காமிச்சாங்க.

இந்த ஸ்டாண்டர்ட், லேபிள் எல்லாம் சும்மா பேப்பர் வேலைன்னு நினைக்கறவங்களுக்காக ஒரு விஷயம். 2000 சுமாருக்கு ஸைலான்னு ஒரு நார்ல செஞ்ச லேசான வெஸ்ட் ரொம்ப ஓடுச்சு. 2003ல பென்சில்வேனியால ஃபாரஸ்ட் ஹில்ஸ்ங்கற ஊர்ல ஒரு ஆபீசர் மேல சுட்ட குண்டு அந்த வெஸ்டையே துளைச்சிட்டுப் போச்சு. சோதிச்சுப் பாத்தா சூட்டுலயும் ஈரத்துலயும் அந்த நார் நினைச்சதவிட சீக்கிரம் தளர்ந்து போகுது. 2005ல வெஸ்டுக்கு ஸ்டாண்டர்ட் வைக்கற அரசு அமைப்பான நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஜஸ்டிஸ் ஸைலான் வெஸ்ட்டுக்கு இருந்த அங்கீகாரத்த எடுத்துடுச்சு, அந்த நாரைச் செஞ்ச டோயோபோ கம்பெனி கடைசில 2018ல 66 மில்லியன் டாலர் கட்டி அரசோட கேஸ முடிச்சுக்கிச்சு. அரசாங்கம் ஏன் கேஸ் போட முடிஞ்சுதுன்னா அந்த வெஸ்டுக்குப் பாதிக் காசு அரசாங்கம் குடுத்தது. ஃபெடரல் காசு உள்ள இருந்ததாலதான் ஒரு சின்ன ஊர் போலீஸால கேக்க முடியாத கேள்விய யாரோ கேட்டாங்க. எல்லாத்தையும் விட எனக்கு இந்த கிராண்ட் மேல மரியாதை வந்தது இதப் படிச்சப்பத்தான்.

வெஸ்ட் தவிர எங்க ஊர்ல ரேடியோ, காரு டேஷ்போர்டுல கேமரா, ஓவர்டோஸ் ஆனவங்களுக்கு மூக்குல அடிக்கற நலாக்ஸோன், ஹார்ட் அரெஸ்ட்டுக்கு ஷாக் குடுக்கற ஏஇடி பெட்டி இதெல்லாம் வேற வேற வருஷத்துல வேற வேற கிராண்ட்ல வந்திருக்கு. ஏஇடி இப்ப ஒவ்வொரு பேட்ரோல் கார்லயும் இருக்கு, ஆம்புலன்ஸ் வர்றதுக்கு முன்னாடி போலீஸ் கார்தான் வந்து நிக்கும், அந்த நாலஞ்சு நிமிஷம் எவ்வளவு முக்கியம்னு வீட்ல வயசான அப்பா அம்மாவ விசிட்டர் விசால கூட்டிட்டு வந்து வச்சிருக்கற எல்லாருக்கும் தெரியும்.

பாடி கேமரா பத்தி மட்டும் ஒரு எச்சரிக்கை. கேமரா வாங்கறதுக்கு கிராண்ட் கிடைக்கும், ஆனா அதுல ரெக்கார்ட் ஆகுற வீடியோவ வருஷக்கணக்கா வச்சிருக்க மாசாமாசம் கட்டணும், கேஸுக்குக் கேட்டா முகத்த மறைச்சுக் குடுக்க ஆள் வேணும். கிராண்ட் முடிஞ்சதும் அந்த பில் உங்க ப்ராப்பர்ட்டி டாக்ஸ்லதான் வந்து உக்காரும். வேண்டாம்னு சொல்லல, கண்டிப்பா வேணும், வாங்கறப்பவே அஞ்சு வருஷக் கணக்க கவுன்சில்ல கேட்டு வச்சுக்கணும்.

அப்புறம் நிறையப் பேர் போலீஸ்கிட்ட இருக்கற மிலிட்டரி வண்டியும் இந்தக் காசுலதான் வருதான்னு கேக்கறாங்க. 2014ல மிசௌரி மாநிலத்துல ஃபெர்குசன்ங்கற ஊர்ல போலீஸ் சுட்டதுக்கு எதிரா நடந்த போராட்டத்த டிவில பாத்தப்பறம் எல்லாருக்கும் அந்தப் படம் மனசுல நின்னுடுச்சு. ராணுவத்துல மிஞ்சுன சாமானை போலீஸுக்கு இலவசமா தர்றது 1033-ன்னு வேற திட்டம், பாதுகாப்புத் துறையோடது. ஜேஏஜி-ல அந்த மாதிரி பெரிய சாமானுக்குக் கட்டுப்பாடு உண்டு, சாதாரண போலீஸ் கார் வாங்கலாம், சொகுசு ஐட்டம், நிலம், கட்டடம் இதெல்லாம் கூடாது.

இப்ப கேம்ப். மனசு அங்கதான் இருக்கு.

அனுப்பறதுக்கு முன்னாடி எங்க தெருவுல இருக்கற தங்கச்சி ஒருத்தி, திருநெல்வேலிக்காரப் பொண்ணு, "அக்கா, போயும் போயும் புள்ளைய போலீஸ் ஸ்டேஷனுக்கா அனுப்பப் போறீங்க?"ன்னு நிஜமாவே பதறிப் போய்க் கேட்டா. அவளத் தப்பா சொல்ல மாட்டேன், ஸ்டேஷன் பக்கமே போகாம வளர்றதுதான் நல்ல குடும்பத்துப் புள்ளைங்கன்னு நம்ம ஊர்ல நமக்கெல்லாம் சொல்லித் தந்திருக்காங்க. எனக்கும் யோசனை வேற மாதிரி இருந்துச்சு, பழுப்பு நிறத் தோலோட இந்த நாட்டுல வளர்ற பையன், நாளைக்கு 17 வயசுல லைசன்ஸ் வாங்கிட்டு ராத்திரி கார் ஓட்டுவான், பின்னாடி நீல சிவப்பு லைட் போட்டு நிறுத்துனா என்ன பண்ணணும்னு அவனுக்குத் தெரியணும், நிறுத்தற ஆளுக்கும் இவன் முகம் தெரிஞ்சிருந்தா நல்லதுதானே.

காலைல மைதானத்துல ஓட்டம், புஷ்அப். அப்புறம் கிளாஸ். ஒரு நாள் கண்ணாடி டம்ளர்ல கைரேகை எடுக்கக் கத்துக் குடுத்தாங்க, கறுப்புப் பவுடர மயிலிறகு மாதிரி மெல்லிசா இருக்கற பிரஷ்ல தொட்டு வட்டமா தடவணும், அழுத்துனா ரேகை அழிஞ்சிடும், அப்புறம் டேப்ப ஒட்டி ஒரே இழுப்புல உரிச்சு வெள்ள அட்டைல ஒட்டணும். வீட்டுக்கு வந்தப்ப நகக்கண்ணெல்லாம் கறுப்பு, ஃப்ரிட்ஜ் கதவுல இருந்த தங்கச்சி ரேகைய எடுத்துக் காமிக்கறேன்னு கோகோ பவுடர் கேட்டான். இன்னொரு நாள் மோப்ப நாய். ஆனா அவன் இன்னிக்கும் சொல்றது டிராஃபிக் ஸ்டாப் பண்ணிக் காமிச்ச நாளத்தான். பசங்க போலீஸா நடிக்கணும், ஆபீசர்ங்க கார்ல உக்காந்து டிரைவரா நடிக்கணும், ஒருத்தர் வேணும்னே டேஷ்போர்டுக்குள்ள கைய விடுவார், ஒருத்தர் அழுவார், ஒருத்தருக்கு இங்கிலீஷே புரியாத மாதிரி நடிப்பார். என் பையன் ஜன்னல் பக்கம் போனப்ப கார்ல இருந்தவர் கைய ஸ்டியரிங் மேல வச்சுக்கிட்டு, "இப்ப நான் பர்ஸ எடுக்கப் போறேன், எடுக்கட்டுமா?"ன்னு கேட்டிருக்கார், அது ஏன் அப்படிக் கேட்டார்னு அப்புறம் எல்லாப் பசங்களையும் உக்கார வச்சு பேசியிருக்காங்க. ஒரு பொண்ணு எழுந்து, ஒழுங்கா எல்லாம் சொல்லிட்டே எடுத்தவங்களையும் சுட்டிருக்காங்களேன்னு நேராக் கேட்டுடுச்சாம். அங்கருந்த சார்ஜன்ட் மழுப்பல, ஆமா நடந்திருக்கு, அது தப்பு, எங்க ட்ரெய்னிங்ல அதத்தான் பேசறோம்னு சொல்லியிருக்கார். எந்த ஸ்கூல் பாடத்துலயும் கிடைக்காத பேச்சு அது.

அடுத்த வருஷம் சின்னவள சேக்கலாம்னு போன் பண்ணா, கேம்ப் இல்லைங்கறாங்க. கிராண்ட் முடிஞ்சிடுச்சாம். ஜேஏஜி காசு 25,000 டாலருக்குக் கம்மின்னா 2 வருஷத்துல செலவு பண்ணி முடிக்கணும், அதுக்கு மேலன்னா 4 வருஷம். வெஸ்ட் வாங்குனா காசு தீந்தாலும் வெஸ்ட் அஞ்சு வருஷம் உடம்புல இருக்கும். கேம்புல காசு போறது ஆபீசர்களோட ஓவர்டைம், சாப்பாடு, பஸ், டிஷர்ட், இதெல்லாம் அந்த வாரத்தோட கரைஞ்சிடும். அதனால டிபார்ட்மென்ட்ல எழுதறவங்களுக்கு எது சுலபம்னு பாருங்க, ரேடியோ எத்தனைன்னு எண்ணிக் கணக்கு குடுத்துடலாம், ஒரு பையன் நல்லா வளந்தான்னு எந்தக் காலத்துல எண்ணிக் குடுக்கறது? இத்தனைக்கும் ஜேஏஜி சட்டத்துலயே தடுப்பும் கல்வியும்னு தனியா ஒரு தலைப்பு இருக்கு, பசங்களுக்குச் செலவு பண்ணத் தடையே இல்ல. கிராண்ட் காசு வந்துச்சுன்னு ஊரு தன் சொந்தக் காச எடுத்துக்கக் கூடாதுன்னும் விதி இருக்கு. ஆனா கிராண்ட் முடிஞ்சதும் ஊரு சொந்தக் காசப் போட்டுத் தொடரணும்னு விதி இல்ல, அந்த ஓட்டைலதான் பசங்க விழறாங்க.

இதையே ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்லயே இருக்கற காப்ஸ் ஆபீஸ் எப்படி பண்றாங்க பாருங்க, அது 1994 சட்டத்துல வந்தது, புதுசா போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்க 3 வருஷத்துக்கு ஒரு ஆளுக்கு அதிகபட்சம் 125,000 டாலர் தருவாங்க, ஊரு 25 சதவீதம் போடணும், கிராண்ட் முடிஞ்சப்பறமும் 12 மாசம் அந்த ஆள வேலைல வச்சிருக்கணும்னு எழுதி வாங்கிக்கறாங்க. ஆளுக்குப் போடத் தெரிஞ்ச அந்தக் கண்டிஷனை கேம்புக்கும் போடுங்கன்னுதான் நான் கேக்கறேன். வேற ஒண்ணும் பெருசா கேக்கல.

எல்லா புரோகிராமும் காசுக்குத் தகுதியானதுன்னும் நான் சொல்ல வரல. டேர்-னு ஒண்ணு 1983ல லாஸ் ஏஞ்சலஸ்ல ஆரம்பிச்சு நாடு முழுக்கப் பரவுச்சு, போலீஸ் கிளாசுக்கு வந்து போதை வேண்டாம்னு சொல்லிக் குடுப்பாங்க, 2003ல அரசாங்கத் தணிக்கை அமைப்பான ஜிஏஓ ஆய்வுகள எல்லாம் சேத்துப் பாத்து, டேர் படிச்ச பசங்களுக்கும் படிக்காத பசங்களுக்கும் போதைப் பழக்கத்துல பெருசா வித்தியாசம் இல்லைன்னு சொல்லிடுச்சு. அப்புறம் பாடத்தையே மாத்துனாங்க. 1991ல ஃபீனிக்ஸ்ல தொடங்குன கிரேட்-ங்கற கேங் தடுப்புப் பாடமும் முதல் ஆய்வுல சுமார்தான், ஆனா அவங்க பாடத்த மாத்தி எழுதி, திரும்ப ஆய்வு பண்ணப்ப ஒரு வருஷம் கழிச்சு கேங்ல சேர்ற வாய்ப்பு 39 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு, போலீஸ் மேல இருந்த எண்ணமும் நல்லபடியா மாறியிருந்துச்சு. சிகாகோல 2012ல வன்முறை அதிகமான ஏரியா ஸ்கூல் பசங்களுக்கு 8 வாரம் சம்மர் வேலை குடுத்துப் பாத்தாங்க, அடுத்த 16 மாசத்துல வன்முறைக் கேஸ்ல கைதாகறது 43 சதவீதம் குறைஞ்சுது. போலீஸ் கிளாசே இல்லாம வெறும் வேலையும் கூட ஒரு பெரியவர் துணையும்தான். ஆக எது வேலை செய்யுதுன்னு பாக்க வழி இருக்கு, பாத்து வேலை செய்யறதுக்குத் தொடர்ந்து காசு போட்டா போதும்.

இந்த கிராண்டோட கறுப்புப் பக்கத்தையும் எழுதாம விட்டா ரிவ்யூ நியாயமா இருக்காது. டெக்சாஸ்ல டூலியான்னு ஒரு சின்ன ஊரு. பைர்ன் காசுல ஓடுன ஒரு போதைத் தடுப்புக் குழுவோட ரகசிய ஆபீசர் ஒருத்தர் சொன்ன சாட்சிய மட்டும் வச்சு 1999 ஜூலைல ஒரே நாள்ல ஆளுங்கள அள்ளுனாங்க, மொத்தம் 46 பேர் மேல கேஸ், பெரும்பாலும் கறுப்பினத்தவங்க. ரெக்கார்டிங் இல்ல, வீடியோ இல்ல. சில பேருக்கு அறுபது, தொண்ணூறு வருஷம்னு தண்டனை. கடைசில அந்த ஆள் பேச்சே பொய்யின்னு வெளிய வந்து 2003ல கவர்னர் 35 பேருக்கு மன்னிப்பு குடுத்தார், 2005ல அந்த ஆபீசருக்குப் பொய்ச்சாட்சிக் கேஸ்ல தண்டனை ஆச்சு. இத்தனை கைது பண்ணோம்னு காமிச்சா அடுத்த வருஷமும் காசு வரும்னு இருந்த காலம் அது. எத எண்ணிக் காசு குடுக்கறோமோ அதத்தான் ஆளுங்க செஞ்சு காமிப்பாங்க.

காசு வர்றதும் நிலையா இல்ல. 2008ல ஜேஏஜி-ய ஒரே வெட்டுல மூணுல ரெண்டு பங்கு குறைச்சாங்க, அடுத்த வருஷமே பொருளாதாரச் சரிவுக்குன்னு போட்ட சட்டத்துல 2 பில்லியன் டாலர் கொட்டுனாங்க. 2017ல குடியேற்ற அதிகாரிகளுக்கு ஒத்துழைச்சாத்தான் காசுன்னு கண்டிஷன் போட்டு, சிகாகோ, ஃபிலடெல்ஃபியா மாதிரி ஊர்கள் கோர்ட்டுக்குப் போயி, வருஷக்கணக்கா இழுத்துச்சு. 2025 ஏப்ரல்ல 300க்கு மேல கிராண்டை, சுமார் 800 மில்லியன் டாலர் அளவுக்கு, இனிமே எங்க முன்னுரிமைல இல்லைன்னு ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட் திடீர்னு ரத்து பண்ணுச்சு, அப்பீல்ல சிலது திரும்ப வந்துச்சு. அடி வாங்குனதுல வெட்டுக்குத்து, துப்பாக்கிச் சண்டைய தடுக்கறதுக்கும் இளைஞர்களுக்கும் வேலை பாக்கற அமைப்புகள் நிறைய. வாங்குன வெஸ்டத் திரும்பக் கழட்டிக் கேக்க முடியாது, பாதில ஓடிக்கிட்டிருக்கற புரோகிராமை நிறுத்திட முடியுது.

இன்னொரு வழி கம்யூனிட்டி ப்ராஜெக்ட் ஃபண்டிங், அதாவது காங்கிரஸ் மெம்பர் தன் ஏரியால ஒரு குறிப்பிட்ட வேலைக்குன்னு ஃபெடரல் பட்ஜெட்ல கேட்டு வாங்கற காசு. உங்க ஏரியா காங்கிரஸ் மெம்பர் பெரிய அட்டை செக்க கைல பிடிச்சுக்கிட்டு போலீஸ் சீஃப் கூட நிக்கற போட்டோ பாத்திருப்பீங்க, பெரும்பாலும் அதுதான். 2011ல நிறுத்துனத 2022 பட்ஜெட்ல திரும்பக் கொண்டுவந்தாங்க. மெம்பர் எந்த ஊருக்கு என்ன கேட்டார்னு அவர் சைட்ல பப்ளிக்கா போடணும், அதுல தனக்கு லாபம் இல்லைன்னு எழுதிக் குடுக்கணும், லாபத்துக்கு நடத்துற கம்பெனிக்கு காங்கிரஸோட கீழ்ச்சபையான ஹவுஸ்ல கேக்கக் கூடாது. நல்ல விதிங்கதான். ஆனா கேட்டதுக்கும் கைக்கு வர்றதுக்கும் நடுவுல பெரிய தூரம், 2025 பட்ஜெட்ட பழைய கணக்கையே நீட்டி மார்ச்ல முடிச்சப்ப அந்த லிஸ்ட் மொத்தமும் போயிடுச்சு. அதனால "கேட்டிருக்கோம்"னு நியூஸ்லெட்டர் வந்தா அத "வந்துடுச்சு"ன்னு வாட்ஸ்அப் குரூப்ல ஃபார்வர்ட் பண்ணாதீங்க.

சரி, நாம என்ன பண்ண முடியும்னு கேக்கறவங்களுக்கு. ஜேஏஜிக்கு அப்ளை பண்றதுக்குக் குறைஞ்சது 30 நாள் முன்னாடி அந்த அப்ளிகேஷனை ஊரு கவுன்சில் பார்வைக்கு வைக்கணும், பொதுமக்களும் கருத்து சொல்ல வழி குடுக்கணும், இது சட்டத்துலயே இருக்கு. எங்க ஊர்ல அது மீட்டிங் அஜெண்டால மத்த தீர்மானங்களோட ஒரே கட்டா வரும், ரோடு தார் போடறது, குப்பை வண்டி கான்ட்ராக்ட், நடுவுல இது, மொத்தமா கை தூக்கி முடிச்சிடுவாங்க. யாரும் மைக்குக்குப் போறதில்ல. நான் போனேன். கேம்ப் ஏன் நின்னுச்சு, வெஸ்டும் ரேடியோவும் வாங்குன அதே அப்ளிகேஷன்ல பசங்களுக்கு எவ்வளவு போட்டிருக்கீங்க, கிராண்ட் முடிஞ்சா என்ன திட்டம், இந்த மூணுதான் கேட்டேன். அன்னிக்கு யாருக்கும் பதில் தெரியல, சீஃப் எழுதி வச்சுக்கிட்டார். அடுத்து ஓப்ரா ரெக்வெஸ்ட் போட்டேன், நியூ ஜெர்சில பப்ளிக் ரெக்கார்ட் கேக்கற சட்டம், பொதுவா 7 வேலை நாளுக்குள்ள பதில் சொல்லணும். வந்த பட்ஜெட் பக்கத்துல பாத்தா புது அப்ளிகேஷன் முழுக்க சாமான்தான், பசங்க தலைப்புல பூஜ்யம். அந்தப் பேப்பரக் கைல வச்சுக்கிட்டு பிடிஏல பேசுனேன், ஸ்கூல்ல எல்லா நாட்டு அம்மாக்களும் இருக்காங்க, அடுத்த மீட்டிங்க்கு ஒரு வரிசையே உக்காந்திருந்துச்சு. இப்ப ரெக்ரியேஷன் டிபார்ட்மென்ட்டும் போலீஸும் சேந்து சின்ன ஃபீஸ் வாங்கிட்டு மூணு நாள் கேம்பா நடத்தறாங்க, ஃபீஸ் கட்ட முடியாத வீட்டுப் பசங்களுக்கு இலவசம். முழு வாரம் இன்னும் திரும்பி வரல.

அந்தத் திருநெல்வேலித் தங்கச்சியோட பொண்ணும் இந்த வருஷம் கேம்புக்குப் போச்சு. அந்தத் தங்கச்சி என்கிட்ட கேட்டா, "நாங்க ஹெச் ஒன்ல இருக்கோம்க்கா, ஓட்டே கிடையாது, மைக்ல போய் நின்னா ஏதும் பிரச்சனை வருமா?"ன்னு. இங்க ஒவ்வொரு டவுன்ஷிப் கவுன்சில் மீட்டிங்லயும் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்கணும்னு மாநிலச் சட்டம் சொல்லுது, சிட்டிசனா இல்லையான்னு கேக்க மாட்டாங்க. பேரும் அட்ரஸும் சொல்லச் சொல்லுவாங்க, டைம் வச்சிருப்பாங்க, பெரும்பாலும் மூணு இல்ல அஞ்சு நிமிஷம், எழுதி வச்சுக்கிட்டுப் போனா தடுமாறாம பேசிடலாம். கேக்க வேண்டியத ரெண்டு பேரும் சேந்து எழுதிட்டோம், புது அப்ளிகேஷன்ல கேம்ப் ஓவர்டைமுக்கு எவ்வளவு, ரெண்டாவது வருஷம் டவுன்ஷிப் பட்ஜெட்ல எந்த வரில வரும். மீட்டிங் அடுத்த செவ்வாக்கிழமை, முதல்ல அவதான் பேசறா.